ஜெய்சல்மேரில் எத்தனை இரவு? அம்மாவோடும் பிள்ளையோடும் பாலைவனம் போகிறோம்

நீர்வேலி_வாழை (ஒக்டோபர் 6, இரவு 9.40)

வணக்கம். டிசம்பர் பள்ளிக்கூட விடுமுறையில் ராஜஸ்தான் போக யோசிக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகள், 68 வயது அம்மா. பாலைவனம் பார்க்க வேண்டும் என்பது உண்மையில் அம்மாவின் ஆசை. அவர் பிறந்தது யாழ்ப்பாணத்தில் அம்பன். மணற்காட்டு மணல்மேட்டில் சறுக்கி விளையாடி வளர்ந்தவர். "இந்த மணலே இவ்வளவு வடிவு என்றால், கண்ணுக்கு எட்டின தூரம் மணல் என்றால் எப்பிடி இருக்கும்?" என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது முழங்கால் நோ. இன்னும் தள்ளிப் போட்டால் போக முடியாமல் போய்விடும் என்ற பயம் எனக்கு.

பலாலியிலிருந்து சென்னை, அங்கிருந்து ஜெய்ப்பூர் என்று திட்டம். ஜெய்ப்பூரில் 2 இரவு, ஜோத்பூரில் 2, ஜெய்சல்மேரில் 2, உதய்ப்பூரில் 2. ஜெய்சல்மேரில் கோட்டைக்குள்ளேயே தங்கினால் நல்லது என்று ஒருவர் சொன்னார். எல்லையோரத்தில் தனோட் மாதா கோயில் இருக்கிறதாம், அதையும் ஒரு நாளில் பார்த்து வரலாமா? ஒட்டகச் சவாரிக்கு சாம் நல்லதா, குரி நல்லதா? போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


கரவெட்டி_அக்கா (ஒக்டோபர் 6, இரவு 10.25)

தம்பி, முதலில் தூரத்தைப் பாருங்கள். ஜெய்ப்பூரிலிருந்து ஜோத்பூர் 330 கிலோமீற்றருக்கு மேல். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் கிட்டத்தட்ட 280. ஜெய்சல்மேரிலிருந்து உதய்ப்பூர் 500 கிலோமீற்றர் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு 400 என்று நினைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள். முழங்கால் நோ உள்ள ஒருவர் எட்டு நாளில் மூன்று தரம் அந்த அளவு தூரம் மடக்கிய காலோடு வாகனத்தில் இருக்க வேண்டும். நானும் என் இரண்டு சகோதரிகளும் அப்படித்தான் போனோம். மூத்தவவுக்கு நான்காம் நாளே கால் வீங்கிவிட்டது. கடைசி இரண்டு நாளும் அவ ஹொட்டேல் அறையிலேயே இருந்தா. எனக்கு இன்றைக்கும் அது மனவருத்தம்.

ஜெய்ப்பூரையும் உதய்ப்பூரையும் விடுங்கள். அம்மாவுக்குப் பாலைவனம்தானே வேண்டும்?


சோளகம் (ஒக்டோபர் 7, காலை 6.10)

அக்கா சொல்வது முழுக்கச் சரி. நான் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஜெய்சல்மேருக்கு இரண்டு தரம் போயிருக்கிறேன், இரண்டாம் தரம் ஒரே இடத்தில் ஒன்பது நாள். முதல் தரம் இரண்டு இரவு தங்கியபோது ஒரு கோட்டையையும் கொஞ்ச மணலையும் பார்த்தேன். இரண்டாம் தரம்தான் அந்த ஊர் எப்படி உயிரோடு இருக்கிறது என்று விளங்கியது. அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அங்கே போனதும் எங்கும் மணல் என்று எதிர்பார்க்க வேண்டாம். தார்ப் பாலைவனத்தில் ஜெய்சல்மேரைச் சுற்றிப் பெரும் பகுதி கல்லும் சரளையும் முட்புதரும்தான். வழிநெடுகக் காற்றாலைகள் நிற்கும். மணல்மேடுகள் சில இடங்களில் மட்டுமே, அதில் பேர் பெற்றவை மேற்கே 40 கிலோமீற்றர் அளவில் சாம், தென்மேற்கே 50 கிலோமீற்றர் அளவில் குரி. அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏமாற்றம் வராது.

இரண்டாவது, அந்த நாட்டைப் பார்க்கப் போகிறவர் தண்ணீரைத் தேடிப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறில்லாத ஊரில் கிணற்றையும் கேணியையும் குளத்தையும் நம்பி வாழ்ந்தவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை, அப்படியிருந்தும் ஆவணியில் கிணறு வற்றுகிறது என்று கவலைப்படுகிறோம். ஜெய்சல்மேரில் ஒரு வருடத்து மழை ஏறக்குறைய 200 மில்லிமீற்றர். எங்கள் ஊரில் நல்ல வாடைமழை இரண்டு நாளில் கொட்டுகிற அளவு. அதை வைத்துக்கொண்டு அந்தச் சனங்கள் கோதுமை விளைவித்தார்கள்.

எப்படி என்றால், கடீன் என்று ஒரு முறை. பாலிவால் பிராமணர்கள் 15ஆம் நூற்றாண்டளவில் தொடங்கியது. கல்லுத்தரை சரிந்து வரும் இடத்தின் தாழ்ந்த விளிம்பில் நீண்ட மண்ணணை ஒன்று கட்டுவார்கள். ஆடி ஆவணியில் விழும் கொஞ்ச மழையும் அந்தக் கல்லில் வழிந்து அணைக்குள் வந்து நிற்கும். தண்ணீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கும். மிஞ்சினது வழிந்தோட ஒரு வாய்க்காலும் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் மேல்தண்ணீர் வற்றியதும், அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். பிறகு தண்ணீர் இறைப்பதே இல்லை. நீங்கள் டிசம்பரில் போகிறீர்கள், பயிர் பச்சையாக நிற்கும். காய்ந்த பழுப்பு நிலத்தின் நடுவில் திடீரென்று எங்கள் வன்னி வயல் போல ஒரு துண்டுப் பச்சையைக் கண்டால் அம்மா வாகனத்தை நிற்பாட்டச் சொல்லுவார்.

ஜெய்சல்மேரிலிருந்து 18 கிலோமீற்றரில் உள்ள குல்தரா அந்தப் பாலிவால்களின் ஊர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சனம் விட்டுப் போன ஊர். திவான் சாலிம் சிங்கின் கொடுமை தாங்காமல் 84 ஊர்களும் ஒரே இரவில் போயின என்பது கதை. தண்ணீர் வற்றியது, வரி கூடியது என்று ஆராய்ச்சியாளர்கள் வேறு காரணங்களும் சொல்கிறார்கள். இப்போது அதைப் பேய் ஊர் என்று விற்கிறார்கள். அதைக் காதில் போடாதீர்கள். கூரை இல்லாத அந்த வீடுகளுக்கு நடுவே நிற்கும்போது எனக்கு வலிகாமம் வடக்கில் சண்டையால் இடம்பெயர்ந்து பிறகு திரும்பிப் போய்ப் பார்த்த வீடுகள்தான் ஞாபகம் வந்தன. வாசற்படி இருக்கும், அடுப்படி இருந்த இடம் தெரியும், ஆள் இல்லை. பேய்க்கதை சொல்ல ஒருவருக்கும் அங்கே மனம் வராது.

ஆகவே என் கருத்து: ஜோத்பூரில் ஒரு இரவு, ஜெய்சல்மேரில் ஐந்து, திரும்பி ஜோத்பூரில் ஒன்று. ஜெய்சல்மேர் ஐந்தில் ஒன்று குரியில். ஊருக்கு வெளியே போகும் பயணம் இரண்டுக்கு மேல் வேண்டாம்.


கோட்டைவாசல் (ஒக்டோபர் 7, மத்தியானம் 12.50)

நான் போன தை மாதம் கோட்டைக்குள் மூன்று இரவு தங்கினேன். என் வாழ்க்கையில் மறக்க முடியாத விடியல்கள் அவை. 1156இல் ராவல் ஜெய்சல் கட்டத் தொடங்கிய கோட்டை, இன்றைக்கும் உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருக்கிறார்கள். விடிய ஆறரைக்குச் சன்னலைத் திறந்தால் மஞ்சள் கல் முழுக்க வெயில் படும், கீழே ஒழுங்கையில் பால்காரர் பாத்திரம் தட்டுகிற சத்தம், சமணக் கோயில் மணி. வெளியே தங்கி டிக்கெட் எடுத்து வருகிறவருக்கு இது கிடைக்காது. கோட்டைக்குள் தங்காதீர்கள் என்று யாராவது சொல்ல வருமுன் நானே சொல்லிவிடுகிறேன், கட்டாயம் தங்குங்கள்.


சோளகம் (ஒக்டோபர் 7, பின்னேரம் 5.30)

தம்பி, அந்த விடியலின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் அப்படிச் சொல்ல வந்தவன்தான், காரணத்தைக் கேளுங்கள்.

அந்தக் கோட்டை கருங்கல் மலையில் நிற்கவில்லை. மணற்கல்லும் களியும் அடுக்கடுக்காகக் கிடக்கிற ஒரு குன்றில் நிற்கிறது. நூற்றாண்டுக் கணக்காகத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து மேலே கொண்டுபோன ஊர் அது. ஆளுக்கு ஒரு குடம், இரண்டு குடம். குழாய் வந்தது, அதற்குப் பிறகு விடுதிகள் வந்தன, குளியலறைகள் வந்தன. பழைய வடிகால் தாங்கவில்லை. தண்ணீர் சுவருக்கு அடியில் இறங்கி அடிமண்ணை இளக்கியது. சுவரும் கொத்தளமும் இடிந்திருக்கின்றன. 1990களிலேயே உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2013இல் ராஜஸ்தானின் மற்ற மலைக்கோட்டைகளோடு உலக மரபுரிமைச் சின்னமும் ஆனது. திருத்த வேலைகள் நடந்திருக்கின்றன. இருந்தாலும் ஒரு விருந்தாளி குளிக்கும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் அந்தக் குன்றுக்குள்தான் போகப் பார்க்கும்.

எங்கள் யாழ்ப்பாணக் கோட்டை சண்டையில் இடிந்ததைப் பார்த்தவன் நான். இன்னொரு கோட்டை என் குளியல் தண்ணீரால் நனைய வேண்டாம் என்று நினைக்கிறேன்.


கோட்டைவாசல் (ஒக்டோபர் 7, இரவு 8.15)

சேர், தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியாது, உண்மை. ஆனால் நான் தங்கிய வீட்டுக்காரர் ஐந்தாம் தலைமுறையாக அங்கே இருப்பவர். இரண்டு அறை வாடகையில்தான் அவருடைய பிள்ளைகள் படிக்கிறார்கள். எல்லோரும் வெளியே தங்கினால் அவர் என்ன செய்வார்? அதையும் யோசிக்க வேண்டும்.


சோளகம் (ஒக்டோபர் 7, இரவு 9.00)

நல்ல கேள்வி. சாப்பாட்டை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். சாமான் உள்ளே வாங்குங்கள். உள்ளூர் ஆள் ஒருவரையே வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு அரைநாள் சுற்றுங்கள். காசு உள்ளே போகும், தண்ணீர் போகாது. படுக்கை மட்டும் கோட்டைக்குக் கீழே. கோட்டையைப் பார்த்த மொட்டைமாடி உள்ள விடுதிகள் கீழே கனக்க இருக்கின்றன, விடிய வெயில் படுவதை அங்கிருந்தும் பார்க்கலாம். அம்மாவின் முழங்காலுக்கும் அதுதான் நல்லது, கோட்டைக்குள் ஏற்றமும் படிகளும்.


நீர்வேலி_வாழை (ஒக்டோபர் 8, இரவு 9.20)

எல்லோருக்கும் நன்றி. ஜெய்ப்பூரும் உதய்ப்பூரும் வெட்டியாயிற்று. மனைவிக்குக் கொஞ்சம் கவலைதான், அரண்மனை பார்க்க ஆசைப்பட்டவர். ஜோத்பூரில் மெஹ்ரான்கார் கோட்டை இருக்கிறது என்று சமாதானம் சொன்னேன்.

தனோட் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. நாங்கள் இலங்கைப் பாஸ்போட். விசா, விடுதிப் பதிவு இவற்றில் ஏதாவது சோலி வருமா?


ஸ்காபரோ_சிவா (ஒக்டோபர் 9, காலை 7.45)

நான் கனடாப் பாஸ்போட்டில் போனேன், உங்களுக்கும் இதே கதைதான், இரண்டு பேரும் வெளிநாட்டவர். தனோட் ஜெய்சல்மேரிலிருந்து 120 கிலோமீற்றர் அளவு, பாகிஸ்தான் எல்லைக்குக் கிட்ட. அந்தப் பக்கம் போக வெளிநாட்டவருக்கு மாவட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும். 1971 சண்டை நடந்த லொங்கேவாலாவும் அந்தப் பக்கம்தான். வாகனக்காரர்கள் "பிரச்சினை இல்லை, நான் கதைக்கிறேன்" என்பார்கள். என்னிடமும் ஒருவர் அப்படிச் சொன்னார். பாதி வழியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஒரு நாள் போய்விட்டது. சாம், குரி, குல்தரா, லொதுர்வா, அரச குடும்பத்தின் நினைவு மண்டபங்கள் உள்ள படா பாக் எல்லாம் பிரச்சினை இல்லாமல் போனேன்.

விசா: இலங்கையர் இணையவழிச் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அச்சடித்த தாளைக் கையில் வைத்திருங்கள், போனில் மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

விடுதி: வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் என்ற ஒன்றை இணையத்தில் பதிய வேண்டும். சின்ன வீட்டுத்தங்கல்கள், பாலைவனக் கூடாரங்கள் சில இதைச் செய்வதில்லை, பின்னேரம் போய் இறங்கின பிறகு இடமில்லை என்பார்கள். நீங்கள் தமிழ் கதைப்பதைப் பார்த்துச் சென்னை ஆக்கள் என்று நினைத்துத்தான் முதலில் பதிவு எடுப்பார்கள். ஆகவே பதியும்போதே "இலங்கைப் பாஸ்போட், சி படிவம் போடுவீர்களா" என்று எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

சிம் கார்டைச் சென்னையிலேயே எடுங்கள். இலங்கைக் காசை ஜெய்சல்மேரில் மாற்றலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.


மணற்காட்டான் (ஒக்டோபர் 9, பின்னேரம் 4.05)

அம்பனில் பிறந்த அம்மா என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மணற்காடு. எங்கள் பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள் புதைந்து சுவர் மட்டும் நிற்பதை அம்மா பார்த்திருப்பார். காற்று மணலை நகர்த்துவதைச் சின்ன வயதிலேயே கண்ட ஆள் அவர். அங்கே போய் அவர் என்ன சொல்கிறார் என்று திரும்பி வந்து எழுதுங்கள். போகுமுன் ஒரு தரம் அவரை எங்கள் பக்கம் கூட்டி வாருங்கள்.


நீர்வேலி_வாழை (ஒக்டோபர் 9, இரவு 10.10)

கட்டாயம் கூட்டி வருகிறேன் அண்ணா.

தனோட்டை விட்டுவிட்டோம். அனுமதி மட்டும் காரணமில்லை. அந்தக் கோயிலில் 1965 சண்டையில் வெடிக்காமல் கிடந்த குண்டுகளை வைத்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது வேண்டாம் தம்பி" என்றார். அவ்வளவுதான்.


கரவெட்டி_அக்கா (ஒக்டோபர் 10, காலை 9.30)

இனிச் சாப்பாடும் உடுப்பும். டிசம்பர் இரவில் 5, 6 பாகைக்கு இறங்கும், மணல்மேட்டில் இன்னும் குளிர். நுவரெலியா போக எடுக்கிற உடுப்பு எல்லாம் வேண்டும். பகலில் 24, 25 பாகை, மெல்லிய பருத்திச் சட்டை போதும். காற்று மிகவும் வரண்டது. எங்கள் புழுக்கத்துக்குப் பழகின தோல் இரண்டு நாளில் வெடிக்கும், உதடு பிளக்கும். பிள்ளைக்கு மூக்கில் இரத்தம் வந்தால் பயப்படாதீர்கள், இரவில் மூக்குக்குள் கொஞ்சம் வசலின் தடவி விடுங்கள். அம்மா தேங்காய் எண்ணெய் கொண்டு வருவார் என்று நினைக்கிறேன். குளிரில் கல்லாகிப் போகும், வாய் அகன்ற போத்தலில் எடுங்கள், கரண்டியால் கிண்டலாம்.

சாப்பாடு பெரும்பாலும் சைவம், உறைப்பு எங்களுக்குப் பழகினதுதான். கம்பு ரொட்டியை நெய்யோடு சுடச்சுடக் கேளுங்கள். கேர் சாங்ரி கட்டாயம் சாப்பிடுங்கள். கேர் ஒரு முட்செடியின் காய். சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் பிஞ்சுக் காயைக் காயவைத்தது. அந்தக் கேஜ்ரி வேறொன்றுமில்லை, எங்கள் வன்னி மரம்தான்! பிள்ளையாருக்குப் பத்திரம் பறிக்கிற அதே மரம். அங்கே அது ராஜஸ்தானின் மாநில மரம், ஆட்டுக்குத் தழை, ஆளுக்குக் காய், வெயிலுக்கு நிழல். 1730இல் ஜோத்பூருக்குப் பக்கத்தில் கேஜர்லி என்ற ஊரில் இந்த மரங்களை வெட்ட அரசனின் ஆட்கள் வந்தபோது, பிஷ்னோய் சனம் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று 363 பேர் உயிர் விட்டார்கள். ஜோத்பூரில் ஒரு இரவு நிற்கிறீர்களே, 26 கிலோமீற்றர்தான், ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள்.

சாமா குரியா என்று கேட்டீர்கள். குடும்பத்துக்குக் குரி. சாமில் கூடாரங்கள் வீதியோரமாக நெருக்கி நிற்கும், இரவு பதினொரு மணிவரை ஒலிபெருக்கி, மணலில் ஜீப் ஓட்டம். நாங்கள் அங்கே ஒரு கூடாரத்துக்கு முற்பணம் கட்டி, படத்தில் காட்டியது ஒன்று கிடைத்தது ஒன்றாக இருந்தது, நித்திரையே இல்லை.

ஒட்டகம்: எழும்பும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும். ஆள் முன்னால் குப்புற விழப் பார்ப்பார். சேணத்தைப் பிடித்துக்கொண்டு நன்றாகப் பின்னால் சாய வேண்டும். அது திரும்பக் கீழே இருக்கும்போதும் அப்படித்தான். அம்மாவை ஏற்ற வேண்டாம், ஒட்டக வண்டி இருக்கிறது, அதில் மெத்தை போட்டுத் தருவார்கள்.


சோளகம் (ஒக்டோபர் 10, பின்னேரம் 6.20)

அக்கா வன்னி மரத்தைச் சொன்னது எனக்குப் பெரிய சந்தோஷம். நான் அதை எழுத மறந்துவிட்டேன்.

நான் சொன்ன இரண்டு வெளிப் பயணங்களையும் இப்படி வையுங்கள். ஒன்று: காலையில் லொதுர்வா, அது ஜெய்சல்மேருக்கு முந்தைய தலைநகரம், அதற்குப் பிறகு குல்தரா, வழியில் ஒரு கடீன். மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். மற்றது: பார்மேர் என்ற ஊருக்குப் போகும் வீதியில் 17 கிலோமீற்றரில் ஆகல் கல்மரப் பூங்கா. ஏறக்குறைய 18 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, பட்டையின் வரி கூடத் தெரியும். இன்றைக்குப் புல் முளைக்கக் கஷ்டப்படும் இடத்தில் அன்றைக்குப் பெருங்காடு. 9 வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அதன் பிறகு அப்படியே குரிக்கு.

பறவையில் ஆசை இருந்தால் பாலைவனத் தேசியப் பூங்காவையும் சேர்க்கலாம். 3,162 சதுர கிலோமீற்றர். கானமயிலின் கடைசிப் பெரிய புகலிடம் அது. முன்பு தமிழ்நாட்டிலும் இருந்த பறவை, இப்போது இந்தியா முழுவதிலும் இருநூறு கூட இல்லை. பறக்கும்போது நேரே முன்னால் பார்க்காது, மின்கம்பியில் மோதிச் சாகிறது. மன்னாரில் காற்றாலைக்கும் பறவைக்கும் இடையில் நடந்த வழக்கைத் தெரிந்தவர்களுக்கு இந்த வருத்தம் விளங்கும்.

மிச்ச நாட்களில் நகரத்திலேயே மெதுவாக நில்லுங்கள். கடிசர் குளத்துக்கு விடிய ஏழு மணிக்குப் போங்கள். ஊருக்கே குடிதண்ணீர் தந்த குளம். 14ஆம் நூற்றாண்டில் மகாராவல் கட்ஸி சிங் திருத்திக் கட்டியது. படித்துறை, மண்டபம், கோயில் எல்லாம் குளத்தைச் சுற்றி. சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக் கல்லும் மடமும் குளத்தோடு சேர்த்துக் கட்டிய எங்கள் முன்னோருக்கும் அவர்களுக்கும் ஒரே புத்தி. இப்போது இந்திரா காந்தி கால்வாய் இமயமலைத் தண்ணீரை 600 கிலோமீற்றருக்கு மேல் கொண்டுவந்து அந்த மாவட்டத்துக்குள் விடுகிறது. குளம் படகு விடுகிற இடமாகிவிட்டது. இருந்தாலும் படியில் அரை மணி நேரம் இருந்து பாருங்கள்.

இரவில் மாங்கணியார் பாட்டு எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். முஸ்லிம் இசைக்குடும்பங்கள், இந்து வீட்டுக் கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறவர்கள். கமாயிச்சா என்ற வில்வாத்தியத்தின் சத்தம் தொண்டை கட்டின மனிதக் குரல் மாதிரி இருக்கும். அவர்கள் மோர்சங் என்பது எங்கள் கச்சேரிகளில் வாசிக்கும் மோர்சிங்தான்.


நீர்வேலி_வாழை (ஜனவரி 9, இரவு 8.50)

திரும்பி வந்து ஒரு வாரம். சொன்னபடி எழுதுகிறேன்.

பலாலி, சென்னை, ஜோத்பூர் ஒரு இரவு, அங்கிருந்து ரயில். ஆறு மணி நேரம் அளவில். குளிரூட்டி இல்லாத பெட்டியில் ஏறிவிட்டோம், பாதி வழியில் சன்னலுக்குள்ளால் மெல்லிய மணல் வந்து எல்லோருடைய இமையிலும் படிந்தது. அம்மா சேலைத் தலைப்பால் மகளின் முகத்தை மூடிக்கொண்டு, "இனிக் கிட்டத்தான் வந்திட்டம்" என்று சிரித்தார்.

கோட்டைக்குக் கீழே ஐந்து நிமிட நடையில் தங்கினோம். எண்ணெய்ப் போத்தல் அக்கா சொன்ன மாதிரியே கல்லானது. விடிய மொட்டைமாடிச் சுவரில் அதை வெயிலில் வைத்துவிட்டு, அது உருகும் வரை அம்மா அங்கேயே கதிரையில் இருப்பார். எதிரே கோட்டை மெல்ல மஞ்சளாகும். ஒவ்வொரு நாளும் அப்படித்தான். ஐந்து நாளும் ஒரே இடத்தில் நின்றதால் தேத்தண்ணி கொண்டுவருகிற பெண்ணோடு பாஷை தெரியாமலே கதைக்கத் தொடங்கிவிட்டார்.

மகளுக்குப் பிடித்தது கல்மரம். குல்தராவில் அவள் ஓடித் திரிந்தாள், மனைவி ஒரு வீட்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றார். சேர் சொன்ன கடீன் ஒன்றையும் கண்டோம். கடலைச் செடி கணுக்கால் உயரம் நின்றது. அம்மா இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார், உருண்டை உடையவில்லை. தண்ணீர் விடுகிறதே இல்லை என்று சொன்னேன், நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கடைசி இரவு குரி. பின்னேரம் ஒட்டக வண்டியில் மணல்மேட்டின் அடிவரை போனோம். மேலே ஏற அவரால் முடியவில்லை. நானும் வண்டிக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்துப் பாதிவரை ஏற்றினோம். அங்கே இருத்தியதும் சுற்றிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் வலக்கையால் மணலைத் தோண்டத் தொடங்கினார். முழங்கை வரை கை உள்ளே போய்விட்டது. என்ன அம்மா என்றேன். "அம்பனிலை இவ்வளவு தோண்டினால் தண்ணி ஊறும்" என்றார். வண்டிக்காரருக்கு அது எப்படியோ விளங்கிவிட்டது. கையால் "நாளைக்கு" என்று காட்டினார்.

அடுத்த நாள் காலை ஊர் ஓரத்தில் ஒரு இடத்துக்குக் கூட்டிப் போனார். பேரி என்று சொல்கிறார்கள். ஒரு ஆள் இறங்கும் அளவுக்கே வாய், மேலே மரப்பலகை மூடி. மணலுக்குக் கீழே தண்ணீர் இறங்க முடியாத ஒரு படை இருக்கிறதாம், அதற்கு மேலே மழைத்தண்ணீர் மணலுக்குள்ளேயே தங்கி நின்று இதற்குள் கசிகிறது. வாளியில் பாதிக்கும் குறைவாக வந்தது. அவருடைய மனைவி அம்மாவின் இரண்டு கையிலும் ஊற்றினார். அம்மா குடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "சவர் இல்லையடா, நல்ல தண்ணி" என்றார்.


மணற்காட்டான் (ஜனவரி 9, இரவு 9.30)

வாசித்துவிட்டேன் தம்பி. அம்மாவுக்கும் காட்டுங்கள் நாங்கள் எழுதினதை.


புத்தூர்_நிலா (ஜனவரி 12, காலை 10.05)

இந்த இழையை இரண்டு தரம் முழுக்க வாசித்தேன். நாங்கள் மாசி கடைசியில் போகிறோம். அப்போது குளிர் குறைந்திருக்குமா? கடீனில் பயிர் இருக்குமா?


சோளகம் (ஜனவரி 12, பின்னேரம் 5.45)

குளிர் நன்றாகக் குறைந்திருக்கும், பகலில் 30 பாகை தாண்டத் தொடங்கும், வெளிப் பயணத்தைக் காலையிலேயே முடியுங்கள். கோதுமை கதிர் முற்றி நிற்கும். பங்குனியில் வெட்டிவிடுவார்கள், அதற்கு முன் போய்விடுங்கள். விடுதிக்காரரிடம் "கடீன்" என்று மட்டும் சொன்னால் போதும், எந்தப் பக்கம் என்று காட்டுவார்.